ராத்திரியில் மீன் தொட்டியைப் பார்ப்பது எப்படி? லைட்டை அணைத்தால்தான் உண்மை தெரியும்!

குன்றத்தூர்:-

திருமுடிவாக்கம் சிட்கோ, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த ஊர் குன்றத்தூர். இரண்டாவது ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்சில் இறங்கி வீடு வந்து சேர ராத்திரி 11 மணிக்கு மேல் ஆகிவிடும். பிள்ளைகள் தூங்கி இருப்பார்கள். சாப்பிட்டு முடித்து ஹாலில் இருக்கும் மீன் தொட்டி முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால், அன்றைய அலுப்பு பாதி போய்விடும்.

இதற்காகவே தொட்டி லைட்டை விடிய விடிய எரிய விடுகிற வீடுகள் உண்டு. "பாவம், இருட்டில் பயப்படும்" என்று அணைக்காமல் விடுகிறவர்களும் உண்டு.

இன்னொரு பக்கம், மீன் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்று இருக்கிறது. "ராத்திரி நல்லாத்தான் நீந்திட்டு இருந்துச்சு. காலையில எழுந்து பார்த்தா மல்லாந்து மிதக்குது" என்பார்கள். கொளத்தூர் வரைக்கும் போய் ஜோடி ஜோடியாக வாங்கி வந்த மீன் ஒவ்வொன்றாகச் செத்தால் பணமும் போச்சு, பிள்ளைகள் அழுகையும் மிச்சம்.

விடிய விடிய லைட் எரிவது மீனுக்கு நல்லதில்லை. அதற்காக ராத்திரியில் தொட்டிப் பக்கமே போகாமல் இருப்பதும் சரியில்லை. மீன் சாவதற்கான காரணம் பல நேரம் ராத்திரியில்தான் கண்ணுக்குத் தெரியும். மீனைத் தொந்தரவு செய்யாமல் அதைப் பார்க்க வழி இருக்கிறது.

மீனுக்கும் தூக்கம் உண்டு

தொட்டியில் வளர்க்கும் மீன்களுக்கு கண் இமை கிடையாது. கண்ணை மூடாததால் மீன் தூங்காது என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு.

எல்லா மீன் கடையிலும் கிடைக்கும் ஜீப்ரா மீன் நம்ம நாட்டு மீன்தான். உடம்பில் நீளவாக்கில் நீலக்கோடு போட்ட இந்தச் சின்ன மீனைப் பற்றி 1822-ம் ஆண்டிலேயே பிரான்சிஸ் ஹாமில்டன் என்பவர் கங்கைச் சமவெளி மீன்கள் பற்றிய புத்தகத்தில் எழுதி இருக்கிறார். இன்று உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்களில் இந்த மீனை வைத்துத்தான் பல சோதனைகள் நடக்கின்றன.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2019-ம் ஆண்டு ஜீப்ரா மீன் குஞ்சுகளின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். மனிதன் தூங்கும்போது மூளையில் நடப்பது போன்ற இரண்டு விதமான தூக்க நிலை இந்த மீனுக்கும் இருப்பது தெரிந்தது. அதற்கு முன்பே 2007-ல் வெளியான ஆராய்ச்சி, இந்த மீனை வெளிச்சத்திலேயே வைத்திருந்தால் தூக்கம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்று காட்டியது.

எவ்வளவு வெளிச்சம் இருந்தால் தொந்தரவு? மிகக் கொஞ்சம் போதும். பெர்லின் ஆராய்ச்சியாளர்கள் 2015-ல் பெர்ச் என்ற நன்னீர் மீனை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இருட்டினால் உடம்பில் ஊறி, 'ராத்திரி ஆச்சு' என்று உடம்புக்குச் சொல்லுகிற சுரப்பு மெலட்டோனின். ராத்திரியில் வெறும் 1 லக்ஸ் வெளிச்சம் பட்டாலே அந்த மீனுக்கு மெலட்டோனின் குறைந்து போனது. பவுர்ணமி நிலா வெளிச்சமே கால் லக்ஸ் அளவுதான். ஹாலில் எரியும் டியூப் லைட் 100 லக்சுக்குப் பக்கத்தில் வரும். தொட்டி மூடியில் மாட்டி இருக்கும் லைட் அதை விடவும் அதிகம்.

ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் வெளியிட்டது இன்னும் கவனிக்க வேண்டியது. கார்ட்டூன் படத்தில் வந்து குழந்தைகளுக்குப் பிடித்துப்போன ஆரஞ்சு நிற கோமாளி மீன் முட்டைகளுக்கு மேல் ராத்திரியும் லைட்டை எரியவிட்டார்கள். ஒரு முட்டை கூடப் பொரியவில்லை. லைட்டை அணைத்த பிறகுதான் பொரிக்க ஆரம்பித்தன. அந்த மீன் முட்டை, பொழுது சாய்ந்து இருட்டிய பிறகுதான் பொரியும். இருட்டே வராவிட்டால் அது என்ன செய்யும்?

ஒருநாள் லைட் அணைக்க மறந்ததற்காக மீன் செத்துவிடாது. பயப்பட வேண்டாம். ஆனால் தினமும் விடிய விடிய எரிந்தால் மீன் ஓய்வில்லாமல் தவிக்கும். கண்ணாடியில் பச்சைப் பாசியும் வேகமாகப் படியும்.

திடீர்னு லைட் போட்டால் என்ன ஆகும்?

கும்மிருட்டில் இருந்த தொட்டிக்குப் பட்டென்று லைட் போட்டால் மீன் தாறுமாறாக ஓடும். கண்ணாடியில் முட்டும். கோல்டு பிஷ், கோய் போன்றவை துள்ளி வெளியே விழுவதும் நடக்கும்.

இதற்குக் காரணம் மீன் கண்ணின் அமைப்பு. நம் கண்ணில் வெளிச்சம் பட்டால் நடுவில் இருக்கும் பாப்பா உடனே சுருங்கி வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். பெரும்பாலான மீன்களுக்கு அப்படிச் சுருங்காது. கண்ணுக்குள் ராத்திரிப் பார்வைக்கு ஒருவகை செல், பகல் பார்வைக்கு ஒருவகை செல் இருக்கிறது. இருட்டும்போது ஒன்று முன்னால் வரும், மற்றது பின்னால் போகும். விடியும்போது மாறி நிற்கும். இந்த இடமாற்றம் முடிய அரை மணி நேரம், சில மீனுக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை திடீர் வெளிச்சத்தில் அதற்குக் கண் கூசும், சரியாகப் பார்வை தெரியாது.

அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் முதலில் தொட்டி லைட்டை அணைப்பார்கள். கால் மணி நேரம் கழித்து ஹால் லைட்டை அணைப்பார்கள். காலையில் இதற்கு நேர் எதிர். முதலில் ஜன்னலைத் திறந்து பகல் வெளிச்சம் வரவேண்டும். தொட்டி லைட் கடைசிதான்.

எந்த லைட்டில் பார்ப்பது?

காசு செலவு செய்து தனி லைட் வாங்க வேண்டியதில்லை. சாமி படத்துக்கு மாட்டும் சிவப்பு ஜீரோ வாட் பல்பு போதும். பெயர்தான் ஜீரோ வாட். பழைய கம்பி பல்பு 10 வாட்டுக்கு மேல் இழுக்கும். இப்போது வரும் எல்.இ.டி. பல்பு அரை வாட்தான்.

பல்பைத் தொட்டிக்கு மேலே வைக்கக்கூடாது. ஐந்து, ஆறு அடி தள்ளி, சுவரைப் பார்த்தபடி எரியவேண்டும். சுவரில் பட்டுத் திரும்பி வரும் மங்கல் வெளிச்சமே போதும். டார்ச் லைட் என்றால் கண்ணாடி மேல் சிவப்பு கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டலாம். அதையும் மீன் கண்ணில் நேராக அடிக்கக்கூடாது. செல்போன் பிளாஷ் கூடவே கூடாது.

"சிவப்பு வெளிச்சம் மீனுக்குத் தெரியாது" என்று சில கடைகளில் சொல்வார்கள். எல்லா மீனுக்கும் அது பொருந்தாது. கோல்டு பிஷ்சுக்கு சிவப்பு நன்றாகவே தெரியும். கடையில் 'நிலா வெளிச்சம்' என்று விற்கும் நீல எல்.இ.டி.யும் மீன் கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும். ஆகவே கலரை விட முக்கியம், வெளிச்சம் எவ்வளவு மங்கல், எவ்வளவு நேரம் என்பதுதான். அதிகபட்சம் 15 நிமிடம். பார்த்து முடித்ததும் அணைத்துவிட வேண்டும்.

லைட் அணைத்து ஒரு மணி நேரம் கழிந்த பிறகு பார்த்தால்தான் மீன் ராத்திரி நிலைக்கு வந்திருக்கும். நம் கண்ணும் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது ஆகும். டி.வி.யை அணைத்து, செல்போனை ஓரம் வைத்துவிட்டு அமைதியாக உட்கார வேண்டும். கண்ணாடியைத் தட்டக்கூடாது.

இருட்டில் என்ன தெரியும்?

முதல்முறை பார்ப்பவர்கள் மிரண்டு போவார்கள். நியான் டெட்ராவின் பளபளக்கும் நீலக்கோடு மங்கி வெளிறிப்போய் இருக்கும். நோய் என்று நினைத்து மருந்து ஊற்றிவிடக்கூடாது. ராத்திரியில் கலர் மங்குவது அதன் இயல்பு. காலையில் வெளிச்சம் வந்ததும் தானாகத் திரும்பி வந்துவிடும்.

கோல்டு பிஷ் தரைக்குச் சற்று மேலே தலையைக் கொஞ்சம் தாழ்த்தி அசையாமல் நிற்கும். கப்பி, மோலி ஓரமாக ஒதுங்கி இருக்கும். செவுள் மெதுவாக அசையும். இதெல்லாம் நல்ல அடையாளம்.

அதே நேரம் பகல் முழுக்க மரக்கட்டைக்குப் பின்னால் ஒளிந்து கிடந்தவை வெளியே வரும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே இருக்கும் சக்கர் மீன் சுறுசுறுப்பாகும். மணலுக்குள் புதைந்து கிடந்த ஆரல் மூக்கை நீட்டும். தென் அமெரிக்காவில் இருந்து வந்த பிளாக் கோஸ்ட் மீன், உடம்பில் இருந்து வரும் மெல்லிய மின்சாரத்தை வைத்தே இருட்டில் வழி கண்டுபிடித்து இரை தேடும்.

செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் தூண்டில் போட்டுப் பழகியவர்களுக்கு இது புதுசு இல்லை. கெளுத்தி பொழுது சாய்ந்த பிறகுதான் நன்றாகக் கடிக்கும். மீசையால் தடவித் தடவி இரை தேடும் மீனுக்கு இருட்டு ஒரு தடையே இல்லை. தொட்டியில் வளர்க்கும் கெளுத்தி வகைகளுக்கும் இதே குணம்தான். ஆகவே இந்த மீன்களுக்குத் தீனியை லைட் அணைத்த பிறகு கொஞ்சமாகப் போடவேண்டும். பகலில் போட்டால் மற்ற மீன்களே தின்றுவிடும். இவை பட்டினி கிடக்கும்.

அடிதடியும் இந்த நேரத்தில்தான் தெரியும். பகலில் சாதுவாக இருக்கும் சக்கர் சில நேரம் தூங்கும் கோல்டு பிஷ்சின் உடம்பில் ஒட்டி, மேலே இருக்கும் வழுவழுப்பை உறிஞ்சும். காலையில் பார்த்தால் செதில் உதிர்ந்து காயம் இருக்கும். காரணம் தெரியாமல் தண்ணீரைக் குறை சொல்வார்கள். பெரிய கெளுத்தி வகை இருக்கும் தொட்டியில் சின்ன மீன் 'காணாமல்' போவதும் இப்படித்தான்.

சக்கர் ஒரு அடிக்கு மேல் வளரும். 'டேங்க் கிளீனர்' என்று விரலளவில் வாங்கி வந்து, வளர்ந்த பிறகு ஏரியிலோ அடையாற்றிலோ கொண்டு போய் விட்டுவிடுகிறார்கள். இது பெரிய தப்பு. அந்நிய மீனான இது தமிழ்நாட்டு ஏரி, குளங்களில் பெருகி, வலையைக் கிழித்து மீனவர் பிழைப்பைக் கெடுக்கிறது. வேண்டாம் என்றால் கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

விடியற்காலை 5 மணிக்கு ஒரு தடவை எழுந்து பாருங்க

எல்லாவற்றையும் விட முக்கியமான நேரம் விடியற்காலை 4 மணி முதல் 6 மணி வரை. தொட்டித் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது அப்போதுதான்.

நாம் சுவாசிக்கும் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரிலோ, 30 டிகிரி சூட்டில் அதிகபட்சமே ஏழரை மில்லிகிராம்தான். தண்ணீர் சூடாக ஆக இது இன்னும் குறையும். சித்திரை, வைகாசி வெயிலில் சிமெண்டு ஷீட் போட்ட வீட்டில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும்.

நிஜச் செடி இருக்கும் தொட்டியில் செடி பகலில் ஆக்சிஜன் தரும். ராத்திரியில் அதுவும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அடியில் கிடக்கும் மிச்சத் தீனி அழுகினால் அதற்கும் ஆக்சிஜன் போகும். இப்படி ராத்திரி முழுக்கக் குறைந்து குறைந்து, விடியும் நேரத்தில் அடிமட்டத்துக்கு வந்துவிடும். ராத்திரி 10 மணிக்கு நன்றாக இருந்த மீன் காலை 6 மணிக்கு மிதப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

"அப்போ லைட்டை எரியவிட்டால் செடி ஆக்சிஜன் கொடுக்குமே?" என்று கேட்கலாம். நிறைய வீடுகளில் இருப்பது பிளாஸ்டிக் செடி. அது எதையும் தராது. நிஜச் செடி என்றாலும் மீனின் தூக்கத்தைக் கெடுத்து ஆக்சிஜன் வாங்க வேண்டியதில்லை. அந்த வேலையை ஏர் பம்ப் செய்யும். லைட்டை அணைக்கலாம். ஏர் பம்பை ராத்திரியில் அணைக்கக்கூடாது.

சிவப்பு பல்பு வெளிச்சத்தில் விடியற்காலையில் பார்க்கும்போது மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், செவுள் வேகமாக அடித்துக்கொண்டால், ஆக்சிஜன் பற்றவில்லை என்று அர்த்தம். பைட்டர், கவுராமி மட்டும் இதில் விதிவிலக்கு. அவை எப்போதும் மேலே வந்து காற்றைக் குடிக்கும். நம்ம ஊர் பனையேறிக் கெண்டைக்கும் இதே போன்ற காற்று உறுப்பு உண்டு. தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் அதிகாரி டால்டார்ப், அந்த மீன் பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக எழுதியது 1797-ல் லண்டனில் அச்சானது.

மீன் மேலே வந்து தவித்தால் உடனே செய்ய வேண்டியது: ஒரு மக்கில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, அரை அடி உயரத்தில் இருந்து மெதுவாகத் திரும்ப ஊற்ற வேண்டும். தண்ணீர் மேல்மட்டம் கலங்கினால்தான் காற்று உள்ளே கலக்கும். மறுநாளே தொட்டியில் மீன் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால், முதல் நாளே பிடித்து வைத்த தண்ணீரில் குளோரின் போக்கும் மருந்து கலந்து ஊற்றுவது நல்லது. ராத்திரி கடைசித் தீனியைக் குறைத்து, லைட் அணைப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும்.

கரண்ட் போனால்...

மழைக்காலத்தில் ராத்திரி கரண்ட் போனால் ஏர் பம்ப் நின்றுவிடும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் கடைகளில் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வைப்பது நல்லது. இன்னொரு விஷயம், ஏர் பம்பைத் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்ட வேண்டும். கீழே இருந்தால், கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியாக இறங்கி பம்புக்குள் போய்விடும். அப்புறம் கரண்ட் வந்தால் ஷாக் அடிக்கும் ஆபத்து உண்டு.

இருட்டில் தொட்டிப் பக்கம் வேலை செய்யும்போது ஈரக் கையால் சுவிட்ச் தொடக்கூடாது. தண்ணீருக்குள் கை விடுவதற்கு முன் லைட், ஹீட்டர், பில்டர் பிளக்குகளைப் பிடுங்கிவிட வேண்டும். ஒயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறும்படி இருந்தால், ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பிளக்குக்குள் போகாது. வீட்டில் கசிவு மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. இருந்தால் உயிருக்குப் பாதுகாப்பு.

நைட் ஷிப்ட்காரர்கள் என்ன செய்வது?

வீட்டுக்கு வருவதே 11 மணி என்றால் மீனை எப்போதுதான் பார்ப்பது? அதற்கும் வழி உண்டு. தொட்டிக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம் லைட் போதும். அந்த 8 மணி நேரம் காலையில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் டைமர் பிளக்கில் மாலை 4 மணிக்கு எரிந்து ராத்திரி 12 மணிக்கு அணையும்படி வைத்துவிடலாம். ஷிப்ட் முடிந்து வருபவர் ஒரு மணி நேரம் நிம்மதியாகப் பார்க்கலாம். காலை 8 மணி வரை தொட்டிக் கண்ணாடியைச் சுற்றி ஒரு கனமான துணியைத் தொங்கவிட்டால், மீனுக்கு முழுசாக 8 மணி நேரம் இருட்டு கிடைத்துவிடும். மேல்பக்கத்தை மட்டும் மூடக்கூடாது, காற்றுப் போக வேண்டும்.

ஒன்றே ஒன்று, நேரத்தை அடிக்கடி மாற்றக்கூடாது. ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறினாலும் தொட்டி லைட் நேரம் மாறக்கூடாது. மற்ற ஷிப்ட் வாரத்தில் பார்க்க ஆசைப்பட்டால், இருக்கவே இருக்கிறது சிவப்பு ஜீரோ வாட் பல்பு, 15 நிமிடம்.

இன்று ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, நாளை விடியற்காலை 5 மணிக்கு அந்த வெளிச்சத்தில் ஒருமுறை தொட்டியைப் பாருங்கள். மீன்கள் அடியிலோ நடுவிலோ அமைதியாக நின்றால் கவலை இல்லை. மேலே வந்து வாயைத் திறந்து தவித்தால், அடுத்த மீன் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். முதலில் ஏர் பம்பைச் சரி பார்த்து, தொட்டிக் கூட்டத்தைக் குறையுங்கள்.